அல்லி ராஜ்ஜியம்

"மதுரையா, சிதம்பரமா?"

எங்கள் பக்கத்தில் புதிதாகக் கல்யாணமான எந்த ஆம்பளையும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. தாய்மாமன், மச்சான், டீக்கடை பெஞ்சு என்று யாராவது ஒருத்தர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கேட்டுவிடுவார். வீட்டில் மனைவி சொல்தான் நடக்கிறது என்றால் மதுரை. புருஷன் சொல் என்றால் சிதம்பரம். கேட்டவர் சிரிப்பார். கேட்கப்பட்டவர் அசடு வழிவார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒரு பெண்ணிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சிதம்பரத்தில் சிவனுக்கும் காளிக்கும் ஆட்டப் போட்டி. இருவரும் சமமாக ஆடிக்கொண்டு வரும்போது, அவர் திடீரென்று ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். சபையில் ஒரு பெண் அப்படிக் காலைத் தூக்க முடியுமா? அவள் தலைகுனிந்தாள். தோற்றதாகச் சொல்லி ஊர் எல்லையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். தில்லைக்காளி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா மேல்தான் பரிவு வரும். ஆட்டத்தில் தோற்றிருந்தால் பரவாயில்லை. கூச்சத்தில் அல்லவா தோற்றாள்!

சரி, மதுரைக்கு வருவோம். மதுரை என்றால் மீனாட்சி ஆட்சி என்கிறோமே, அதுவாவது முழுசா? சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். ராயர் கிரீடம், வேப்பம்பூ மாலை, கையில் செங்கோல். மறுநாள் திக்விஜயம். எட்டுத் திக்கையும் ஜெயித்து வருகிறாள். அதற்கும் மறுநாள் திருக்கல்யாணம். சித்திரையிலிருந்து ஆடி வரை அவள் ராஜ்ஜியம். ஆவணி மூலத்தில் சுந்தரேஸ்வரருக்குப் பட்டாபிஷேகம் நடந்துவிடும். அதன்பின் பங்குனி வரை ஐயாதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு 4 மாதம், ஐயாவுக்கு 8 மாதம். இத்தனைக்கும் அது அவள் பிறந்த வீடு. அவள் அப்பன் மலயத்துவஜ பாண்டியன் கொடுத்த நாடு. மாப்பிள்ளையாக வந்தவருக்குத்தான் மூன்றில் இரண்டு பங்கு. இதைத்தான் நாம் 'பொம்பளை ஆட்சி'க்கு உதாரணமாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்.

மதுரையில் ஆண்டதாகக் கதை சொல்லப்படும் இன்னொரு பெண்ணும் உண்டு. அவளுக்குக் கோயில் திருவிழா இல்லை, ஒரு வசவுச் சொல்தான் மிச்சம். 'அந்த வீட்ல அல்லி ராஜ்ஜியம்ப்பா' என்பார்கள்.

அல்லியின் கதை 'அல்லி அரசாணி மாலை'யில் இருக்கிறது. மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில், பெரிய எழுத்துப் புத்தகங்கள் அடுக்கடுக்காகத் தொங்கும். அதில் இதுவும் ஒன்று. அட்டையில் புகழேந்திப் புலவர் என்று போட்டிருப்பார்கள். நளவெண்பா எழுதிய புகழேந்திதான் இவர் என்று தமிழ் வாத்தியார்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். யார் எழுதினால் என்ன, பாட்டிமார்களுக்கு மனப்பாடம்.

பிள்ளையில்லாத பாண்டியனுக்கு அல்லிப் பூவில் கிடைத்த குழந்தை அவள். நாட்டைப் பறித்துக்கொண்ட நீண்முகன் என்பவனைக் கொன்று, மதுரையை மீட்டுச் சிம்மாசனம் ஏறுகிறாள். காவலுக்குப் பெண்கள், படைக்குப் பெண்கள். ஆண் வாடையே ஆகாது. தீர்த்த யாத்திரை வந்த அர்ஜுனன் அவளைப் பார்த்து ஆசைப்படுகிறான். கேட்டுப் பார்க்கிறான், நடக்கவில்லை. அப்புறம் கண்ணன் துணையோடு பாம்பாக உருமாறி அவள் அந்தப்புரத்துக்குள் நுழைந்து, அவள் அசந்து தூங்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான். கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பாம்பும் தூக்கமும் தாலியும் மாறாது.

பாரதத்தில் இது இல்லை. வியாசர் எழுதியதில் மணலூர் ராஜா மகள் சித்திராங்கதை. அர்ஜுனன் நேராக அவள் அப்பாவிடம் போய்ப் பெண் கேட்கிறான். 'பிறக்கிற பிள்ளை எங்கள் வீட்டுக்கு' என்ற நிபந்தனையோடு கொடுக்கிறார். வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகளாகவே பாடிவிட்டார். (கீழடிக்குப் பக்கத்திலும் ஒரு மணலூர் இருக்கிறது. 2020-ல் அங்கேயும் தோண்டினார்கள். அந்த மணலூர்தான் இந்த மணலூரா என்று நான் வழக்குக்கு வரவில்லை.) ஒன்று கவனித்தீர்களா? அங்கே அப்பாவிடம் கேட்டார்கள். இங்கே யாரிடமும் கேட்கவில்லை. அவளிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியது எந்தக் கதையிலும் இல்லை.

இந்த அல்லியை மேடைக்குக் கொண்டுவந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். 1922-ல் காலமானார். நாற்பது நாடகங்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா... தென் மாவட்டத்துத் திருவிழாக்கள் இன்றைக்கும் இவர் போட்ட சோற்றைத்தான் விடிய விடியச் சாப்பிடுகின்றன.

இந்தப் பக்கத்து நாடகத்துக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பேர். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். தனித்தனியாகத் தேதி வாங்கி, அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், 'ஆல்ரவுண்ட்' மூவரும் இவர்களைக் கட்டி மேய்ப்பார்கள். ராத்திரி 10 மணிக்குப் பபூன் வந்தால் காலையில் பால்காரர் வரும் நேரத்துக்கு மங்களம்.

அல்லி அர்ஜுனாவை நான் முதலில் பார்த்தது பள்ளிக்கூட வயதில். திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊர்க் காளியம்மன் பொங்கல். சாக்கு விரித்து, அப்பத்தா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். மர பெஞ்சில் அல்லி போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள். துணிப் பாம்பு ஒன்றைத் திரைக்குப் பின்னாலிருந்து இழுத்து விடுகிறார்கள். ஆல்ரவுண்டுக்காரர் ஜாலராவை 'ஜிலீர்' என்று அடிக்கிறார். பாம்பு போய் அர்ஜுனன் வருகிறான். மடியிலிருந்து தாலியை எடுக்கிறான். விசில் பறக்கிறது. பெரியவர்கள், சின்னவர்கள் எல்லாருக்கும் கொண்டாட்டம். திமிர் பிடித்தவள் மாட்டிக்கொண்டாள் அல்லவா!

அப்பத்தா மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "முழிச்சிருக்கையில கிட்ட வரத் துப்பில்ல... தூங்குறவ கழுத்துல கட்டுனா அது தாலியா? மாட்டுக்குக் கட்டுறதும்தான் கயிறு."

பக்கத்தில் இருந்த பெண்கள் 'சும்மா இரு ஆத்தா' என்றார்கள். ஆனால் ஒருத்தியும் விசிலுக்குச் சிரிக்கவில்லை.

கட்டிவிட்டால் அப்புறம் என்ன? பவளக்கொடி நாடகத்தில் அதே அல்லி மறுபடி வருகிறாள். இப்போது அவள் ராணி மாதிரி இல்லை. புலந்திரன் என்ற பையனுக்கு அம்மா. பையன் பவளத் தேர் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். பவளம் தேடிப் போன அர்ஜுனன், பவளத்தோடு பவளக்கொடி என்ற இன்னொரு பெண்ணையும் சேர்த்துக்கொள்கிறான். அல்லி கொதிக்கிறாள். கூட்டம் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. நீண்முகனை வெட்டியவள் சக்களத்திச் சண்டைக்காரியாகிவிட்டாள். 1934-ல் இந்தப் பவளக்கொடிதான் கே.சுப்ரமணியம் இயக்கத்தில் சினிமாவாக வந்தது. தியாகராஜ பாகவதருக்கு முதல் படம். அர்ஜுனனாக அவர் பாட, ஊரே மயங்கியது. அவ்வளவு இனிமையான குரலுக்கு முன்னால் அல்லியின் கேள்வி யார் காதில் விழும்?

சிரிப்பு என்றதும் இன்னொன்று. ஸ்பெஷல் நாடகத்தில் பபூனும் டான்ஸ்காரியும் புருஷன் பெண்டாட்டியாக வந்து 'அடிபிடி' போடுவார்கள். மேடையில் அடி விழ விழ, கீழே சிரிப்பு அலையடிக்கும். சூசன் சைசர் என்ற அமெரிக்கப் பெண்மணி மதுரையில் வந்து தங்கி, இந்த நாடகக் கலைஞர்களைப் பற்றி 2005-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் இந்த அடிபிடிக்கு ஓர் அத்தியாயமே உண்டு. வீட்டில் அழ வைக்கிற விஷயம் மேடையில் ஏன் சிரிக்க வைக்கிறது என்று ஒரு வெளிநாட்டுக்காரர் வந்துதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது.

'கட்டிட்டா எல்லாம் சரியாப் போச்சு' என்ற நினைப்பு பெரிய எழுத்துப் புத்தகத்தோடு முடிந்துவிடவில்லை. 1994-ல் வந்த 'நாட்டாமை' படத்தில், பெண்ணைக் கெடுத்தவனே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு. தியேட்டரில் கைதட்டினோம். 2015-ல் பாலியல் வன்கொடுமை வழக்கு ஒன்றில், பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசிப் பார்க்கட்டும் என்று குற்றவாளிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீனே கொடுத்தது. உச்ச நீதிமன்றம், இந்த மாதிரி வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொன்ன பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

சட்டம் நம் அப்பத்தா கட்சிதான். 1955-ம் வருஷ இந்து திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவு, கட்டாயத்தாலோ மோசடியாலோ சம்மதம் பெறப்பட்டிருந்தால், அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறது. ஆனால் மோசடி தெரிந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். தெரிந்த பிறகும் மனசு ஒப்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் வழக்கு நிற்காது. அல்லி அடுத்த நாளே வக்கீல் வீட்டுக்குப் போயிருந்தால் ஜெயித்திருப்பாள். புலந்திரன் பிறந்த பிறகு போனால், 'இத்தனை நாள் என்னம்மா பண்ணே?' என்று குறுக்கு விசாரணையில் கேட்டிருப்பார்கள்.

சட்டப் புத்தகத்தைவிட நான் நம்புவது வேறொரு சாட்சியை.

மதுரை தமிழ்ச் சங்கம் சாலையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் நாடகக்காரர்கள் கூடுகிற டீக்கடை ஒன்றில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். பேர் வேண்டாம். வள்ளி, பவளக்கொடி, அல்லி, சாவித்திரி என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்திரீபார்ட் கட்டியவர். டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். ராத்திரி முழுக்கப் பாடுகிற தொண்டை, சூடு ஆகாதாம்.

"தர்க்கத்துல என்னை மடக்க ஒரு ராஜபார்ட் பொறந்து வரணும்னு சொல்வாங்க தம்பி" என்றார். பெருமைதான். தர்க்கம் என்பது ஸ்பெஷல் நாடகத்தின் உயிர். வேலனும் வள்ளியும், அர்ஜுனனும் பவளக்கொடியும் நேருக்கு நேர் நின்று கேள்வியும் பதிலுமாக மோதுவார்கள். எழுதி வைத்தது கொஞ்சம், அந்த நேரத்தில் வருவது நிறைய. சரக்கு இல்லாதவன் அரை மணி நேரத்தில் விழித்துக்கொண்டு நிற்பான். நல்ல ஜோடி அமைந்தால் மூன்று மணி நேரம்கூடப் போகும். கூட்டம் நகராது.

"மேடையில அப்படி. வீட்ல ஒரு தீப்பெட்டி வாங்க அவர்கிட்ட காசு கேக்கணும்."

வீட்டுக்காரர் நாடகக்காரர் இல்லை. கல்யாணம் ஆனதும் செய்த ஒரே வேலை, இவருடைய டைரியை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டதுதான். நாடகக்காரிக்கு டைரி என்றால் தேதி. தேதி என்றால் சோறு. ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுப்பது அவரிடம். எந்த ஊர், எந்த ராஜபார்ட்டோடு, எவ்வளவு சம்பளம் என்று பேசுவது அவர். காய்ச்சலோ, மாசத்து மூணு நாளோ, தேதி கொடுத்தால் கொடுத்ததுதான். வேனில் கூடவே வருவார். மேடைப் பக்கவாட்டில் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார். தர்க்கத்தில் எதிராளி நன்றாகப் பாடி, இவர் தன்னை மறந்து ஒரு 'பேஷ்' சொல்லிவிட்டால், வீட்டுக்கு வந்ததும் வேறு தர்க்கம்.

"அடிப்பாரா?" என்று கேட்டேன்.

"அடிச்சா முகம் வீங்கிரும். முகம் வீங்கினா தேதி போயிரும். அதுக்கு அவர் விவரம்."

2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், மனைவிக்குச் சேர வேண்டிய பணத்தை அவள் கைக்கு வராமல் தடுப்பதும் வன்முறைதான் என்று எழுதியிருக்கிறது. 'பொருளாதார வன்முறை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா, பேரெல்லாம் இருக்கா அதுக்கு?" என்று ஆச்சரியப்பட்டார்.

மேலூர்ப் பக்கம் ஒரு ஊர். அல்லி அர்ஜுனா. தாலி கட்டின பிறகு அல்லியும் அர்ஜுனனும் மோதுகிற இடம். அன்றைக்கு ராஜபார்ட் புதுப் பையன். மட்டு மரியாதையாக, 'தாலி கட்டியாகிவிட்டது, இனி உன் நாடும் நகரும் எனக்குத்தானே தேவி' என்று வசனத்தை விட்டிருக்கிறான். இவர் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். வேறு ஏதோ வந்துவிட்டது.

"நாடு கிடக்கட்டும் ராஜா. கஜானா சாவி என் இடுப்புலதான இருந்துச்சு? இப்ப எங்க போச்சு? தூங்கும்போது தாலிதான் கட்டினீரா... சாவியையும் உருவிக்கிட்டீரா?"

பையன் திகைத்துவிட்டான். ஆர்மோனியக்காரருக்குச் சுருதி நின்றுவிட்டது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்ததாம். சிரிப்பா, அழுகையா என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியவில்லை. விடவில்லை இவர். கேட்டுக்கொண்டே போனார். யார் உழைத்த நாடு? யார் கணக்குப் பார்ப்பது? எனக்கு ஒரு பூ வாங்க நான் யாரிடம் கையேந்த வேண்டும்? ஒன்றரை மணி நேரம்! மேடைப் பக்கவாட்டில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த மனுஷன் எழுந்து போய் வேனில் ஏறிக்கொண்டார்.

"அன்னைக்கு வீட்ல என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பேசல. ஊர்க்காரங்க அடுத்த வருசத்துக்கும் அல்லி அர்ஜுனாதான் வேணும்னு அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க. அதை வாங்கி வச்சுக்கிட்டார். காசுன்னா கோபம் இருக்காதே!"

கே.பி.சுந்தராம்பாள் ஞாபகம் வந்தது எனக்கு. வள்ளியாக அவரும் வேலனாக கிட்டப்பாவும் மேடை ஏறினால், தர்க்கத்தில் யார் குரல் ஜெயிக்கிறது என்று பார்க்கத் தமிழ்நாடே திரண்டது. மேடையில் சமமான ஜோடி. வாழ்க்கையில் அவர் கிட்டப்பாவுக்கு இரண்டாம் தாரம். பிரிவு வந்தபோது காத்திருந்தது யார், கடிதம் கடிதமாக எழுதியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். 1933-ல் 27 வயதில் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார், அந்தக் காலத்திலேயே 1 லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு. ஜோடி இல்லாமலேயே கூட்டம் வந்தது. அதை பக்தி என்று சொல்லிப் பாராட்டுகிறோம். அதற்குள் எவ்வளவு பிடிவாதம் இருந்தது என்பதைப் பேசுவதில்லை.

இந்த அம்மாவுக்கு விடிவு வந்தது கோர்ட்டிலிருந்தும் இல்லை, போலீஸிலிருந்தும் இல்லை. செல்போனிலிருந்து! 2000-க்குப் பின் நாலைந்து வருஷத்தில் ஆளுக்கொரு போன் வந்துவிட்டது. கூட ஆடுகிற டான்ஸ்காரப் பெண் ஒருத்தி, பழைய நோக்கியா ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். இவர் அதை மேக்கப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த நாடகத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது அச்சகத்துக்கே போய், தன் படத்துக்குக் கீழே தன் நம்பரைப் போடச் சொல்லிவிட்டார். ஊர்ச் சுவரெல்லாம் நோட்டீஸ். ஊர்க்காரர்கள் நேராக இவருக்கே போன் போட ஆரம்பித்தார்கள்.

"ரெண்டு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தார். சாப்பாட்டைத் தட்டுல போட்டா பின்பக்கம் திரும்பிக்கிட்டுச் சாப்புடுவார். நான் கேக்கல. ஒரு நாள் அந்த டைரியக் கொண்டாந்து டிவி மேல வச்சுட்டுப் போயிட்டார். பாதிக்கு மேல வெத்துத்தாள்..."

இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். வேனில் கூட வருகிறார், பெட்டி தூக்குகிறார். முட்டி வலி வந்த பிறகு மேடைப் படியில் இவருக்குக் கை கொடுக்கிறார். இது என்ன மாதிரி கல்யாணம் என்று எனக்குப் பிடிபடவில்லை. 'மதுரையா, சிதம்பரமா' என்று கேட்டால் அந்த அம்மா சிரிப்பார் என்று தோன்றியதால் கேட்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. வீட்டுக்காரர்தான். ஏதோ ஒரு ஊர்க்காரர் அவரை வழியில் பிடித்துவிட்டார் போலிருக்கிறது. பங்குனி பதினேழு இருக்கிறதா என்று கேட்கிறார். அந்த அம்மா மடியில் டைரி திறந்தேதான் இருந்தது. பதினேழாம் தேதிப் பக்கம் காலி. எனக்கே தெரிந்தது.

"பாத்துச் சொல்றேன்" என்று போனை வைத்தார்.

"காலியாத்தானம்மா இருக்கு?"

"இருக்கட்டுமே தம்பி" என்று டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஒரு அரை மணி நேரம் கழிச்சுச் சொல்லுவேன்."